சுவரைப் பார்த்த சீலை

உட்துறைமுக வீதியில் வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன கயிற்றுக் களஞ்சியம் ஒன்று இருந்தது. ஐம்பத்தேழில் அவர்கள் போன பிறகு பதினொரு வருடம் அதில் வௌவால்கள்தான் குடியிருந்தன. பிறகு பட்டினசபை அதைச் சித்திரக்காரர் சங்கத்துக்குக் கொடுத்தது. சங்கத்தில் அப்போது ஒன்பது பேர். 1973 மார்கழியில் மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள். இறக்குமதித் தடையில் வர்ணம் வருவது நின்றுபோனது. போனவர்களில் ஒருவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், இன்னொருவர் கந்தளாயில் மிளகாய் நட்டார், மற்றவர்கள் காரணம் சொல்லாமலே வராமல் விட்டார்கள்.

மிஞ்சியவர்களில் மூத்தவர் கனகசுந்தரம். வயது ஐம்பத்திரண்டு. தியேட்டர் வாசலில் மாட்டும் விளம்பரச் சீலைகளை வரைபவர். ஆறடி உயரத்தில் ஒரு கதாநாயகியின் முகத்தை அரை நாளில் முடித்துவிடுவார். ஜெமீல் மூதூர்க்காரர். கடைப் பலகைகளும் தோணிகளின் பெயர்களும் எழுதுவார். உயிருள்ள எதையும் வரையமாட்டார். வியாழன் பின்னேரம் குடாவைக் கடக்கும் லோஞ்சுப் படகில் வீட்டுக்குப் போனால் சனிக்கிழமைதான் திரும்புவார். மூன்றாவது ஆள் பத்மாசனி. காலையில் பிரதான வீதியில் உள்ள ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கன்னச் சிவப்பும் சேலைப் பச்சையும் பூசுவாள். பின்னேரம் களஞ்சியத்துக்கு வந்து தன் படத்தை வரைவாள்.

களஞ்சியத்தில் எப்போதும் ஏதாவது கதை நடந்துகொண்டிருக்கும்.

"ஜெமீல், உன்ர மீன்கடைப் பலகையைப் பாத்தனான்," என்பார் கனகசுந்தரம். "மீனைக் காணேல்லை. 'மீன்' எண்ட எழுத்துத்தான் நீந்திக்கொண்டு போகுது."

"எழுத்த வாசிக்கத் தெரிஞ்சவன் மீன் வாங்குவான் கனகண்ணன். ஒங்கட கதாநாயகியளுக்கு எல்லாம் ஒரே மூக்கு. அது ஒங்கட மாமிட மூக்கெண்டு ஊரே கதைக்கிது."

"அவ செத்துப் பத்து வருசம். இன்னும் தியேட்டர் வாசல்ல நிக்கிறா. ஆருக்குக் கிடைக்கும் அந்தக் கொடுப்பினை?"

பத்மாசனி சிரிப்பாள். கை மட்டும் நிற்காது.

அங்கே பெரிய கஷ்டம் சீலைதான். துணி பங்கீட்டுக் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. தியேட்டரும் மூன்று வருடமாகப் புதுத் துணி தரவில்லை. சட்டத்தில் அடித்த ஆறடிக்கு நாலடிச் சீலைகள் எல்லாமாக ஏழு இருந்தன. ஒரு படம் ஓடி முடிந்ததும் சீலையைக் கிணற்றடியில் போட்டுக் கழுவி, வெள்ளைப் பொடியை வச்சிரப் பசையில் கரைத்துப் பூசி, அது காய்ந்ததும் அடுத்த முகத்தை வரைவார்கள். ஆட்கள் கூட இருந்த காலத்தில் ஒருவர் பாதியில் வைத்திருந்த படத்தை இன்னொருவர் கழுவிவிட்டார் என்று ஒருநாள் கைகலப்பு வந்தது. அதன் பிறகு ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியது பத்மாசனிதான். வேலை நடக்கும் சீலை வெளியே பார்த்து நிற்க வேண்டும். வேண்டாம் என்று விட்ட சீலையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். திருப்பியதை யாரும் எடுக்கலாம். எடுப்பவர் எதுவும் கேட்கக்கூடாது.

கேட்கக்கூடாது என்பதை அவள்தான் வற்புறுத்திச் சேர்த்தாள். கைவிட்ட படத்தைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தால் ஒருவரும் கைவிடமாட்டார்கள், சீலைகள் எல்லாம் பாதிப் படங்களோடு கிடந்து உக்கும் என்றாள். கரித்துண்டால் சுவரில் எழுதியும் வைத்தாள்: சுவரைப் பார்த்த சீலை எல்லாருக்கும்.

இந்த வழக்கத்தால் அவளுக்கே இரண்டு தடவை நன்மை கிடைத்தது. சித்திர ஆசிரியர் நியமனத்துக்கு எழுபத்தொன்றில் விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்கு வருபவர்கள் ஆறடிக்கு நாலடிக்குக் குறையாத சொந்தப் படம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று கடிதம் வந்தது. வரைந்தாள். போவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது படம் பிழையாகிவிட்டது என்று நினைத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். கொழும்புக்குப் போகவில்லை. எழுபத்திரண்டிலும் அப்படியே. இரண்டு தடவையும் கனகசுந்தரம் அந்தச் சீலையை எடுத்துக் கழுவினார். ஏன் என்று கேட்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. ஒருநாள் வச்சிரம் காய்ச்சும்போது அவள் சொன்னாள்: "கேக்காமல் விட்டீங்களே அண்ணை, அது பெரிய காரியம்." அவர் தலையை ஆட்டிவிட்டுச் சட்டியைக் கிண்டினார்.

எழுபத்து மூன்றில் மறுபடியும் கடிதம் வந்தது. நேர்முகம் மார்கழி பதின்மூன்றாம் திகதி, வியாழக்கிழமை. நியமனத்துக்கு வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். தை நாலாம் திகதி அவளுக்கு முப்பத்தைந்து. படப்பிடிப்பு நிலைய முதலாளியும் சொல்லிவிட்டார்: பூசுகிற மை இந்தியாவிலிருந்து வருவதில்லை, இருக்கிற குப்பிகள் முடிந்ததும் அவளுக்கு வேலை இல்லை. மூன்று குப்பிகள் மிச்சமிருந்தன. உப்புவெளியில் தமக்கை சிவபாக்கியத்தின் வீட்டில் அவள் ஒரு அறையில் இருந்தாள். தமக்கைக்கு நாலு பிள்ளைகள். அந்த அறை அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதைத் தமக்கை இன்னும் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த முறை அவள் வரைந்தது பாண் வரிசை. கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் விடிகாலையில் பாண் ரொட்டிக்கு நிற்கும் பதினேழு பெண்கள். பின்னால் துறைமுகத்துச் சாம்பல் தண்ணீரும், இறக்குவதற்கு மாவில்லாமல் நிற்கும் பாரந்தூக்கியும். பெண்கள் எல்லாரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். அவளும் அந்த வரிசையில் நிற்பவள்தான். மைமூனா என்ற கிழவி நாலாவது இடத்தில், பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, எதையும் எதிர்பார்க்காத முகத்தோடு நின்றாள். அந்த முகத்துக்கு மட்டும் மூன்று கிழமை போனது. முழுப் படத்துக்கு ஏழு மாதம். எண்ணெய் வர்ணம் இல்லாததால் அவளும் விளம்பரக்காரர்களைப் போல் பொடி வர்ணத்தை வச்சிரத்தில் கரைத்துத்தான் வரைந்தாள்.

மார்கழி ஐந்தாம் திகதி, புதன்கிழமை, ஆறாவது பெண்ணின் கை சரியாக வரவில்லை. இரண்டு தடவை அழித்துவிட்டு, "இதுவும் பிழைச்சுப் போச்சு" என்று தூரிகையைத் தண்ணீருக்குள் போட்டாள். கனகசுந்தரம் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி தூரிகையை எடுத்து அவள் அந்தக் கையைச் சரியாக வரைந்தபோது அவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். இருட்டுவதற்குள் படம் முடிந்துவிட்டது. வெளியே பார்க்க நிறுத்திவிட்டுப் போனாள். வியாழனும் வெள்ளியும் அவள் வரவில்லை. நேர்முகத்துக்கு உடுக்க ஒரு சேலை இரவல் வாங்க நிலாவெளிக்குப் போயிருந்தாள்.

வியாழன் பின்னேரம் வாடைக்காற்று மாறி அடித்தது. கடல் பக்கத்து யன்னலின் ஒரு கதவு கொளுக்கியோடு பிய்ந்து விழுந்தது. ஜெமீல் அப்போது தனியே இருந்தார். லோஞ்சுக்குப் புறப்பட்டு, பையும் தோளில் இருந்தது. மழை சாய்வாக உள்ளே அடித்து பாண் வரிசைக்கு ஒரு முழம் தூரத்தில் நிலத்தை நனைத்துக்கொண்டிருந்தது. பலகை எழுதுபவர்கள் இப்படியான நேரத்தில் ஒன்றுதான் செய்வார்கள். ஈரமான பலகையைத் தூசியும் தூறலும் படாமல் சுவரைப் பார்க்கத் திருப்பி, மேல் விளிம்பு மட்டும் சுவரில் படுகிறமாதிரிச் சாய்த்து வைப்பார்கள். ஜெமீல் தன் நாலு பலகைகளையும் அப்படி வைத்தார். பிறகு பத்மாசனியின் சீலையையும் கவனமாக, முகம் எங்கும் முட்டாமல், அப்படியே திருப்பி வைத்துவிட்டு இறங்குதுறைக்கு ஓடினார். அவர் சீலையில் வேலை செய்பவரல்ல. சுவரில் இருந்த கரி எழுத்தை எத்தனையோ தடவை வாசித்தவர்தான். கைக்கு அந்த நேரம் பலகைதான் ஞாபகம் வந்தது.

வெள்ளி காலை தியேட்டர் மனேச்சர் ஆள் அனுப்பினார். வரவேண்டிய படம் வரவில்லை, வேறொரு படப்பெட்டி வந்திருக்கிறது, சனிக்கிழமை முதல் காட்சிக்கு முன் சீலை வேண்டும் என்றார். கனகசுந்தரத்திடம் வெறும் சீலை இருக்கவில்லை. நாலு சீலைகள் தியேட்டரில் இருந்தன. இரண்டு கழுவி மூன்று நாளாகியும் மழைக்குக் காயாமல் சொட்டிக்கொண்டிருந்தன. ஏழாவது சுவரைப் பார்த்து நின்றது.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பாண் வரிசை என்று தெரிந்தது. ஒரு பீடி பற்றவைத்து அது முடியும்வரை அதன் முன்னால் குந்தியிருந்தார். நேர்முகத்துக்கு ஒரு கிழமைதான் இருக்கிறது. போன முறையும் ஒரு கிழமைதான் இருந்தது. அதற்கு முந்திய முறையும். புதன்கிழமை அவள் சொன்னது காதில் இருந்தது. உப்புவெளிக்கு ஆள் அனுப்பிக் கேட்கலாமா என்று யோசித்தார். கேட்டால் அவள் 'ஓம், விட்டிட்டன்' என்று வாயால் சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்ல வைக்கக்கூடாது என்பதற்காகத்தானே அந்த வழக்கம். எழுந்து வெள்ளையைக் கரைத்தார். மழைநாளில் கழுவினால் காயாது என்பதால் கழுவாமலே, பதினேழு பெண்களின் மேலும் இரண்டு தரம் வெள்ளை அடித்தார். மைமூனாவின் முகத்துக்கு வந்தபோது தூரிகையை வேகமாக இழுத்தார் என்று பிறகு ஒருநாள் அவரே சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் பத்மாசனி வந்தாள். தன் இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டாள். மழைக்கு யாரோ உள்ளே எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஜெமீலின் பலகைகளுக்குப் பின்னாலும் மேல்தட்டிலும் தேடினாள். அப்போது கனகசுந்தரம் தியேட்டரில் மாட்டிவிட்டு ஏணியோடு வந்தார்.

"வந்திட்டியோ பிள்ளை? பின்னேரம் போய்ப் பார். அந்த மூக்கு எனக்கு இண்டைக்குத்தான் மாமியைப் போல இல்லாமல் வந்திருக்குது."

"அண்ணை, என்ர சீலை எங்கை?"

அவர் ஏணியைச் சாத்தி வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஒண்டும் கேக்கேல்லை, பத்மா. கேக்கிறதில்லைத்தானே."

"என்னத்தை?"

"திருப்பி வைச்சிருந்தனி..."

"நான் திருப்பேல்லை."

கனகசுந்தரம் சுவரைப் பார்த்தார். யன்னல் இல்லாத ஓட்டையைப் பார்த்தார். "சுவரைப் பாத்துக்கொண்டுதான் நிண்டது," என்றார். "என்ர பிள்ளையள் மேல சத்தியமா, சுவரைப் பாத்துக்கொண்டுதான் நிண்டது."

"நான் முடிச்சுப் போட்டுப் போனனான் அண்ணை. கையும் சரி வந்தது."

"புதன்கிழமை பிழைச்சுப் போச்சு எண்டனி."

"நீங்கள் போன பிறகு வந்தது."

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஜெமீல் வந்தார். கையில் கயிறு கட்டிய எருமைத்தயிர் மண்முட்டி. உள்ளே கால் வைக்கும்போதே கேட்டார்:

"தங்கச்சி, ஒங்கட சீலைக்கு மழை படல்லத்தானே? நல்ல நேரம், லோஞ்சு ஊதக்குள்ளதான் கண்ட. திருப்பி வச்சிட்டுத்தான் ஓடின."

அவர் கனகசுந்தரத்தின் கைகளில் இருந்த வெள்ளையைப் பார்த்தார். சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்தார். தயிர் முட்டியை நிலத்தில் வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அல்லாஹ்," என்றார். "நான் பலகை எண்டு நெனச்சிட்டனே புள்ள."

கழுவாமல் வெள்ளை அடித்தது என்பதில் கனகசுந்தரத்துக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. படம் அடியில் முழுதாக இருக்கிறது என்றார். மூவரும் தியேட்டருக்குப் போனார்கள். முதல் காட்சிக்குச் சனம் சேர்ந்துகொண்டிருந்தது. ஏணியில் ஏறி, கதாநாயகியின் தோளுக்குக் கீழே ஒரு மூலையைக் கனகசுந்தரம் ஈரத்துணியால் மெதுவாக ஒற்றினார். சிவப்பு வந்தது. பிறகு வெள்ளை. வெள்ளைக்குக் கீழே சாம்பல் தெரிந்தது, துறைமுகத் தண்ணீரின் சாம்பல். கீழே நின்ற பத்மாசனி ஒரு அடி முன்னால் வந்தாள். அவர் கையை எடுப்பதற்குள் சாம்பலும் துணியில் வந்துவிட்டது. அதற்குக் கீழே வெறும் நூல். மேலே இருந்ததும் வச்சிரம், கீழே இருந்ததும் வச்சிரம். தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"இறங்குங்கோ அண்ணை," என்றாள். "சனம் பாக்குது."

"ஏய், அவவின்ர சட்டையைக் கழட்டாதையுங்கோ!" என்று வரிசையில் நின்ற ஒருவன் கத்தினான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

புதன்கிழமை இரவு கொழும்பு மெயில் ரயிலுக்கு நாலு நாள் இருந்தது. போகாமல் விடுவது பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த முறை போவது என்று அவளுக்குள் முடிவாகியிருந்தது. கனகசுந்தரம் ஒரு பள்ளிக்கூட நாடகத்துக்கு எப்போதோ வரைந்த காட்டுத்திரையைத் தன் வீட்டுப் பரணில் மறந்து கிடந்த இடத்திலிருந்து கொண்டுவந்து ஆறடிக்கு நாலடி வெட்டினார். கழுவினார்கள். யன்னலுக்கு ஜெமீல் பலகை அடித்தார். கரி அடுப்பை மூட்டி, சீலையை அதற்கு மேலே இரண்டு பக்கமும் பிடித்துக் காய்ச்சினார்கள். ஞாயிறு பின்னேரம் அவள் தொடங்கினாள்.

ஏழு மாதத்தில் வந்தது மூன்று நாளில் வரவில்லை. பெண்கள் நின்றார்கள், ஆனால் எதற்காக நிற்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாதது போல் நின்றார்கள். மைமூனாவை நாலு தடவை வரைந்தாள். ஐந்தாவது தடவை பையால் முகத்தை மறைத்துவிட்டாள். திங்கள் இரவு பெய்த மழையில் சீலை ஈரம் குடித்து, அடியில் இருந்த காட்டின் பச்சை மேலே ஊறிவந்தது. செவ்வாய் காலை பார்த்தால் துறைமுகத் தண்ணீர் எங்கும் மரங்களின் நிழல்.

"இதுக்கு மெல்லிசாப் பூசி வேலையில்லை," என்றார் கனகசுந்தரம். "தடிப்பா அடிக்க வேணும். எங்கட அடி."

"எனக்கு அப்பிடி அடிக்கத் தெரியாது அண்ணை."

"எனக்குத் தெரியும்."

அவள் ஊறிவந்த பச்சையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தட்டை அவரிடம் கொடுத்தாள். அவர் கடலை வரைந்தார். மூன்று மணித்தியாலம் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. இருபத்தாறு வருடம் முகங்கள் வரைந்த கை, ஒருவரும் கேட்காத ஒரு தண்ணீரை வரைந்தது. ஜெமீல் சங்கக்கடையின் பலகையையும் குடைகளையும் கம்பிகளையும் எழுதினார். குடை உயிரில்லாததுதானே என்றார். புதன் மத்தியானம் முடிந்தது. கடதாசி சுற்றி, மூங்கிலில் தளர்வாக உருட்டி, ஜெமீலே ரயில்வரைக்கும் தோளில் கொண்டுபோனார்.

"அங்க கேட்டா, எல்லாம் நாந்தான் எண்டு சொல்லுங்க," என்றார் பிளாட்போமில். "பாவமில்ல. எங்களுக்கு அதுல பங்கு வேணாம்."

கொழும்பில் கல்விக் கந்தோரில் இருபத்தெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒரு பத்திரம் கொடுத்தார்கள். கொண்டுவந்த படம் முழுவதும் தன் சொந்தப் படைப்பு என்று கையொப்பமிட வேண்டும். எல்லாரும் ஒப்பமிட்டார்கள். அவளும் இட்டாள். மூன்று மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயதானவர். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு படத்துக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். உருட்டியதில் வர்ணம் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

"பெண்கள் கொஞ்சம் விறைப்பாக நிற்கிறார்கள்," என்றார். "அவசரமாக வரைந்தீரோ?"

"ஓம் சேர்."

"ஆனால் இந்தத் தண்ணீர் அப்படி இல்லை." விரல் படத்தில் படாமல் தூக்கிப் பிடித்து ஒரு அலையைப் பின்தொடர்ந்தார். "இந்தப் படத்தில் உயிரோடு இருப்பது இதுதான். இதை எப்படி வரைந்தீர், சொல்லும்."

அவள் கடலைப் பார்த்தாள். எப்படி வரைந்தது என்று அவளுக்குத் தெரியும். எட்டு அங்குலத் தூரிகை, தோளிலிருந்து வரும் வீச்சு, ஈரம் காய்வதற்குள் அடுத்த நிறம். பக்கத்தில் நின்று பார்த்தவள்தான். சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"அது நான் கீறினதில்லை சேர்."

பக்கத்தில் இருந்தவர் பத்திரத்தை எடுத்து அவளுடைய ஒப்பத்தைப் பார்த்தார். வயதானவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் கதிரைக்குப் போனார். அவர் கோபப்படவில்லை. "கையொப்பம் வைத்தபிறகு நாங்கள் என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டார். அவள் படத்தை உருட்ட, வாசலில் நின்ற பியோன் உதவினான்.

சனிக்கிழமை களஞ்சியத்துக்கு வந்தாள். கனகசுந்தரம் வச்சிரச் சட்டிக்கு முன்னால் இருந்தார். ஜெமீல் இன்னும் மூதூரிலிருந்து வரவில்லை.

"என்ன சொன்னவை?"

"இல்லையெண்டுதான், அண்ணை."

அவர் சட்டியைக் கிண்டினார். கொஞ்சம் கழித்து, கேட்கக்கூடாததைக் கேட்பவர் போல் கேட்டார்: "கடலைப் பற்றி ஏதும்...?"

"நல்லாயிருக்கெண்டு சொன்னவை."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அவருடைய வேலையைப் பற்றி, மூக்கைத் தவிர வேறொன்றைப் பற்றி, யாரோ சொன்ன முதல் வார்த்தை அது. பிறகு அது எதனால் சொல்லப்பட்டது, அதன் பிறகு என்ன நடந்திருக்கும் என்பது அவருக்கு மெல்ல விளங்கியது. அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு வெளியே போய்க் கிணற்றுக்கட்டில் இருந்தார்.

தை நாலாம் திகதி வந்து போனது. அதே மாதம் மூன்றாவது மைக்குப்பியும் முடிந்தது. நியமனம் இல்லை என்ற கடிதம் மாசியில் வந்தது. அவள் அதைத் திறந்து, ஒரு தரம் வாசித்து, தூரிகை துடைக்கிற கடதாசிகளோடு வைத்தாள். அறையைப் பற்றித் தமக்கை வாய்விட்டுச் சொன்னதும் அந்த மாதம்தான். மூத்தவள் பெரியபிள்ளையாகிவிட்டாள், அவளுக்குத் தனியிடம் வேண்டும். பத்மாசனி கூடத்தில் பாய் போட்டுக்கொண்டாள். பின்னேரங்களில் களஞ்சியத்துக்கு வந்தாள். ஜெமீலின் பலகைகளுக்கு அடிப்பூச்சு அடித்தாள், வச்சிரம் காய்ச்சினாள். வரையவில்லை. கொழும்புக்குப் போய்வந்த படம் மூங்கிலில் சுற்றியபடி மூலையில் நின்றது. மழைக்குள் வச்சிரம் புளித்து, விரித்தால் தூளாகும் நிலைக்கு வந்துவிட்டது. அந்தக் கடலும் அதோடுதான்.

தியேட்டரில் அந்தச் சினிமாப் படத்தை இரண்டு கிழமையில் எடுத்துவிட்டார்கள். சீலை திரும்பி வந்தது. கனகசுந்தரம் அதைக் கழுவவில்லை. வெளியே பார்க்க நிறுத்தி வைத்தார். மாமியைப் போல் இல்லாத மூக்கோடு, தோளுக்குக் கீழே ஒரு மூலை அழிந்த கதாநாயகி அங்கே பத்துக் கிழமைக்கு மேல் நின்றாள். மற்றச் சீலைகளில் பாதி நூல் விட்டுப் போயிருந்தன. மூன்றைத்தான் இனிப் பாவிக்கலாம். தியேட்டர் ஆள் வந்து கத்திவிட்டுப் போவான். கனகசுந்தரம் பழைய இரண்டை ஒட்டுப் போட்டுச் சமாளிப்பார். அந்தச் சீலையின் பக்கம் கை நீட்டமாட்டார். அந்தக் கிழமைகளில் அதைப் பற்றி மூன்று பேரில் ஒருவரும் பேசியதில்லை.

பங்குனியில் ஒரு காலை, மழை முற்றாக விட்ட பிறகு, பத்மாசனி அந்தச் சீலையைச் சட்டத்தோடு தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். கல்லில் கிடத்தி, வாளியால் தண்ணீர் ஊற்றி, தேங்காய்ப்பொச்சால் தேய்க்கத் தொடங்கினாள். முதலில் கதாநாயகியின் நெற்றி போனது. பிறகு கன்னம். வெள்ளை கரைந்து பாலாக ஓடியது. ஒரு வாளித் தண்ணீரின் அளவுக்கு, அடியிலிருந்து வரிசை மேலே வந்தது. குடைகள், பைகள், சரியாக வந்த அந்த ஆறாவது பெண்ணின் கை, நாலாவது இடத்தில் மைமூனாவின் முகம். எதையும் எதிர்பார்க்காத முகம். பத்மாசனி பொச்சைப் பிடித்தபடி அதைப் பார்த்தாள். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. முகமும் அதோடு மெல்லிதாகிக்கொண்டிருந்தது. நிறுத்தினாலும் நிற்காது என்று தெரிந்தது. இன்னொரு வாளி ஊற்றித் தேய்த்தாள்.

சாம்பல் தண்ணீர் வாய்க்கால் வழியே வீதிக்குப் போய், அங்கிருந்து துறைமுகத்துக்குள் போனது.

பின்னேரம் சீலை காய்ந்துவிட்டது. உள்ளே கொண்டுவந்து, கரி எழுத்துக்குக் கீழே, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். கனகசுந்தரம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையும் தியேட்டரிலிருந்து ஆள் வந்து போயிருந்தான். அவர் கிட்ட வந்தார். சட்டத்தில் கை வைக்கப் போய், எடுத்துக்கொண்டார்.

"எடுக்கட்டோ, பத்மா?"

அவள் பொச்சைப் பிழிந்து யன்னல் பலகையில் வைத்தாள்.

"கேக்கத் தேவையில்லை அண்ணை," என்றாள்.